கேட்காவ்: பஞ்சத்தின் நடுவே விழுந்த அக்கினி

சென்னையிலிருந்து மும்பைக்கு வரும் இரயில்களில் பல, சோலாப்பூர், தௌண்ட் வழியாகவே புனேயை அடைகின்றன. தௌண்டைக் கடந்ததும், ஊர் நெருங்கிவிட்டதென்று நாம் போர்வைகளை மடித்து, பெட்டிகளை இருக்கைக்கு அடியிலிருந்து இழுக்கத் தொடங்குவோம். அந்தப் பரபரப்பில் கேட்காவ் என்னும் சிறு நிலையத்தின் பெயர்ப்பலகை நம் சன்னலைக் கடந்து ஓடிவிடும். பெரும்பாலான விரைவு வண்டிகள் அங்கே நிற்பதில்லை. தாராவியிலும் பிம்ப்ரியிலும் கட்கியிலும் குடியேறிய தமிழ் விசுவாசிகள், இந்தியப் பெந்தெகொஸ்தே எழுப்புதலின் ஊற்றுகளில் ஒன்றை இப்படித்தான் ஆண்டுதோறும் கடந்து செல்கிறார்கள்.

புனேயிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். உள்ளூர் இரயிலில் செல்லலாம். சாலை வழியாகச் செல்வோர் சோலாப்பூர் நெடுஞ்சாலையில் சௌஃபுலா சந்திப்பில் இறங்க வேண்டும். இன்று வழியெங்கும் கரும்பு வயல்கள். வெல்லம் காய்ச்சும் புகை தொலைவிலிருந்தே தெரியும். இந்தப் பசுமை கால்வாய்ப் பாசனத்தின் கொடை. இயல்பில் இது மழை குறைந்த தக்காணத்து மேட்டுநிலம். இவ்விடத்தின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவர், முதலில் அந்த வறட்சியை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பண்டித ரமாபாய் அம்மையார் 1858-இல் பிறந்தார். வேத சாஸ்திரங்களில் தேர்ந்த பிராமணரான தந்தை அனந்த சாஸ்திரி, பெண்களுக்கும் சமஸ்கிருதம் கற்பிக்கலாம் என்று துணிந்தவர். குடும்பம் புண்ணியத் தலங்கள்தோறும் நடந்து, புராணம் வாசித்துப் பிழைத்தது. 1870-களில் தென்னிந்தியாவைப் பஞ்சம் வாட்டியபோது, திருப்பதி மலைக்காட்டில் இலைகளும் தண்ணீருமே அவர்களுக்கு உணவாயின. தந்தையையும் தாயையும் அக்காவையும் அந்தப் பட்டினிக் காலத்திலேயே பறிகொடுத்தார். எஞ்சிய அண்ணனோடு கால்நடையாய் அலைந்து 1878-இல் கல்கத்தாவை அடைந்தார். அங்கேதான் அறிஞர்கள் அவருக்குப் ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்னும் பட்டங்களைச் சூட்டினர். 1880-இல் திருமணம், 1882-இல் கணவர் மரித்தார். கையில் ஒரு பெண் குழந்தை, மனோரமா. 1883-இல் இங்கிலாந்து சென்ற அவர், அங்கே ஞானஸ்நானம் பெற்றார்.

பசி இன்னதென்று அறிந்தவர் அவர். 1896-இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் மூண்டதைக் கேட்டபோது, அவரால் புனேயில் தாம் நடத்திவந்த சாரதா சதனத்துக்குள் அமைதியாய் இருக்க இயலவில்லை. நேரில் சென்று, எலும்பும் தோலுமாயிருந்த நூற்றுக்கணக்கான சிறுமிகளையும் இளம் விதவைகளையும் அழைத்து வந்தார். புனேயில் கொள்ளைநோய்க் கட்டுப்பாடுகள் இருந்தன. ஆகவே, ஏற்கெனவே வாங்கியிருந்த கேட்காவ் பண்ணை நிலத்தில் அவர்களைத் தங்கவைத்தார். 1900-ஆம் ஆண்டின் குஜராத் பஞ்சத்துக்குப் பின் அங்கே இருந்தவர்கள் ஏறத்தாழ 2000 பேர். இத்தனை பேருக்கும் தானியம் வேண்டும், திரிகை வேண்டும், கிணறு வேண்டும், துணி வேண்டும். அவ்விடத்துக்கு அவர் இட்ட பெயர் ‘முக்தி’, அதாவது இரட்சிப்பு. மதில்களை இரட்சிப்பென்றும் வாசல்களைத் துதியென்றும் அழைக்கிற ஏசாயா 60:18 நினைவுக்கு வருகிறதல்லவா!

1905 ஜனவரியில் எழுப்புதலுக்காக ஜெபிக்க முன்வந்தவர்கள் சுமார் 70 பேர். சில மாதங்களில் 500-க்கும் அதிகமானோர் தினமும் கூடினர். ஜூன் 29 அன்று அதிகாலையில் ஒரு பெண் ஆவியானவரின் அக்கினியை உணர்ந்து கதறினாள். அருகிலிருந்தவள் தீப்பற்றியதென்று எண்ணித் தண்ணீர் கொண்டுவர ஓடினாள் என்று, அங்கே ஊழியம் செய்த மின்னி ஏப்ரம்ஸ் அம்மையார் எழுதியிருக்கிறார். பாவ அறிக்கையின் கண்ணீர், பின்னர் மகிழ்ச்சி, பின்னர் சுற்றுக் கிராமங்களுக்குச் சுவிசேஷம் சொல்லச் சென்ற பெண்கள் கூட்டம். இவை யாவும் 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் எழுப்புதல் தொடங்குமுன் நடந்தவை. ஏப்ரம்ஸ் அம்மையாரின் சிறு நூல் சிலி தேசத்திலிருந்த தோழிக்குச் சென்று சேர, 1909-இல் அங்கும் எழுப்புதல் மூண்டது. பெந்தெகொஸ்தே அனுபவம் மேலைநாட்டு இறக்குமதி என்று சொல்வோருக்குக் கேட்காவ் ஒன்றே போதிய மறுமொழி.

அந்நிய பாஷைகளும் அங்கே உண்டாயின. ரமாபாய் அவற்றைத் தடுக்கவில்லை. ஆயினும் அதை மட்டுமே அபிஷேகத்தின் அடையாளமாக வைக்கவும் இல்லை. நம் சபைகள் பலவற்றின் உபதேசம் இதில் மாறுபடுகிறது. அந்த விவாதத்தை இங்கே நான் எடுக்கவில்லை. முக்தி ஆலயத்தின் விசாலமான தளத்தில் அமர்ந்தபோது என் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. அக்கினி இறங்கியது யார்மேல்? காலையில் திரிகை சுற்றி, நண்பகலில் நெசவு செய்து, மாலையில் கண்ணற்றவர்களைக் கைப்பிடித்து நடத்தியவர்கள்மேல். தங்கள் வாயிலிருந்து ஒரு பிடி சோற்றைப் பிறருக்குக் கொடுத்தறிந்த வீட்டில் அது நிகழ்ந்தது.

அப்போஸ்தலர் நடபடிகளும் இவ்வாறே செல்கிறது. இரண்டாம் அதிகாரத்தில் மேல்வீட்டு அக்கினி; ஆறாம் அதிகாரத்தில் பந்தி விசாரிப்பு. அங்கே முறையிட்டவர்கள் யார் என்று கவனியுங்கள். கிரேக்கு பேசியவர்கள்! பாஷை வேறான விதவைகள் அன்றாட விசாரணையில் கவனிக்கப்படாமற்போனார்கள். அந்தக் குறையைத் தீர்க்கும்படி பரிசுத்த ஆவி நிறைந்தவர்களே தெரிந்துகொள்ளப்பட்டார்கள். அந்நிய பாஷை பேசிய சபைக்கு அடுத்தாற்போல வந்த சோதனை, அயல் பாஷை பேசிய விதவையின் தட்டு.

ரமாபாய் தம் கடைசி ஆண்டுகளை எதற்குச் செலவிட்டார் என்பதும் இதனோடு சேர்ந்ததே. அந்நாளில் இருந்த மராத்தி வேதாகமத்தின் நடை, எளிய கிராமப் பெண்ணுக்கு எட்டாததாயிருக்கிறதென்று அவர் கண்டார். எபிரெயமும் கிரேக்கும் கற்று, வேதம் முழுவதையும் எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். முக்தியின் பெண்களே எழுத்துகளைக் கோத்து அச்சிட்டார்கள். பஞ்சத்தில் மீட்கப்பட்ட விரல்கள் வேதவசனத்தைக் கோத்தன. 1921-இல் மகள் மனோரமா மரித்தார். தாயார் வேலையை நிறுத்தவில்லை. 1922 ஏப்ரல் 5-இல் அவரும் இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தார். முழு வேதாகமம் 1924-இல் வெளிவந்தது.

நாம் வேலை தேடி இம்மாநிலத்துக்கு வந்தோம். கர்த்தர் ஆசீர்வதித்தார், தமிழ் ஆராதனைகள் பெருகின, வாடகைக் கூடங்கள் சொந்த ஆலயங்களாயின. இதற்காக ஸ்தோத்திரம். ஆனால் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தும் மராத்தியில் ஒரு சிறு ஜெபம் செய்யத் தெரியாத விசுவாசிகள் நம்மிடையே ஏராளம். காய்கறி விலை பேசவும் ஆட்டோக்காரரோடு வாதிடவும் மராத்தி வருகிறது; கிருபையைச் சொல்ல மட்டும் நா எழும்புவதில்லை. வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண்ணை ‘மௌஷி’ என்கிறோம். தாயுடன் பிறந்தவளை அழைக்கும் சொல் அது. உபவாசக் கூட்டத்துக்கு நாம் விரைந்து புறப்படும் நாளில், அந்தச் சித்தி சாப்பிட்டாளா என்று கேட்பது யார்? யாக்கோபு 1:27 சொல்லும் மாசில்லாத பக்திக்கு நம் சமையலறை வாசலே போதுமானதாயிருக்கிறது. இங்கே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கோ மராத்தி சரளமாய் வருகிறது. தமிழ் வாசிக்கத் தெரியவில்லையே என்று அவர்களைக் குறித்து அங்கலாய்க்கும் பெற்றோர், இந்தக் கொடையையும் ஆண்டவருடைய கரத்தில் வைத்து ஜெபிக்கலாம்.

முக்தி மிஷன் இன்றும் பெண்களையும் பிள்ளைகளையும் ஆதரித்து வருகிறது. பள்ளியும் மருத்துவமனையும் உண்டு. ரமாபாயின் கல்லறையும் அங்கேதான். செல்ல விரும்புவோர் முன்னதாகவே எழுதி அனுமதி பெற்றுக்கொள்வது நல்லது. அது காட்சிக்கூடமன்று, பலர் குடியிருக்கும் வீடு. பிள்ளைகளைப் படம்பிடிப்பதைத் தவிர்க்கவும். உடன் வருபவர்களில் மராத்தி நன்கு பேசும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்குள்ள வயதான தாய்மார்களிடம் கேட்க நிறைய இருக்கிறது.