ஆத்தங்குடி டைல்ஸ்: பாத்ரூமுக்கு எந்த டிசைன்? எங்கே ஒட்டலாம்?

காரைக்குடி பக்கம் சுற்றுலா போகிறவர்கள் ஆத்தங்குடியைத் தவறவிடுவதில்லை. செட்டிநாட்டு வீட்டின் தரையைப் பார்த்து வியந்தவர்கள், அடுத்து எட்டிப் பார்ப்பது ஊரிலுள்ள டைல்ஸ் பட்டறைகளை.

சதுரக் கண்ணாடியின் மேல் ஒரு சட்டம். அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே சிமென்ட்டும் மணலும் போட்டு மட்டம் செய்தால் ஒரு டைல் தயார். பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறல், காய்ச்சல். சூளையே கிடையாது! கண்ணாடியின் வழவழப்புதான் டைலின் பளபளப்பு.

இதைப் பார்த்ததும், 'நம்ம பாத்ரூமுக்கும் வாங்கலாமா?' என்று ஆசை வருவது இயல்பு. வாங்கலாம், ஆனால், இடம் பார்த்து ஒட்ட வேண்டும்.

குளிக்கும் இடத்துக்கு வேண்டாம்

பளபளப்பான தரையில் தண்ணீர் நின்றால் வழுக்கும். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் விஷப்பரீட்சை வேண்டாம். அங்கே சொரசொரப்பான சின்ன டைல்ஸே நல்லது. தண்ணீர் வடியும் வாட்டத்துக்கு ஏற்றபடி சின்ன டைல்ஸ் வளைந்து கொடுக்கும். இடுக்குகளும் அதிகம் என்பதால் காலுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

பூ டிசைன் எங்கே?

வாஷ்பேசினுக்குப் பின்சுவர்தான் சரியான இடம். நான்கு சுவரிலும் பூ போட்டால் சின்ன பாத்ரூம் இன்னும் சின்னதாகத் தெரியும். ஒரு சுவரில் பூ, மற்றவற்றில் ஒரே நிறம் போதும். செட்டிநாட்டுக் கூடங்களில், ஜமக்காளம் விரித்ததுபோல் சுற்றிலும் பார்டர், நடுவில் டிசைன் இருக்கும். அதே கணக்கு சுவருக்கும் பொருந்தும்.

அளவு முக்கியம்

நான்கு டைல்ஸ் சேர்ந்தால்தான் ஒரு பூ முழுமையாகும் டிசைன்கள் உண்டு. 5 அடிச் சுவரில் 10 அங்குல டைல்ஸ் 6 வரும். வரிசைக்கு மூன்று முழுப் பூ. 12 அங்குலம் என்றால் 5தான். ஓரத்தில் பாதிப் பூ நிற்கும். ஒட்டுவதற்கு முன் தரையில் அடுக்கிப் பார்த்துவிடுங்கள்.

டைல்ஸ் கனமானது என்பதைக் கொத்தனாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கைவேலை என்பதால் நிறம் லேசாக மாறலாம். சில டைல்ஸ் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

கடைசியாக ஒன்று: ஆசிட் பக்கமே போகக் கூடாது. சிமென்ட்டை அது அரித்துவிடும். பட்டறையில் பார்த்த பளபளப்பும் போய்விடும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.