மிஸ்ஸியின் கையிலிருந்த ஊசி

2014ஆம் ஆண்டு, பெரும்போக அறுவடைக் காலம். அஸர் தொழுதுவிட்டு வந்து தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தேன். மச்சானுக்குப் பாம்பு கடித்துவிட்டதாக வயலிலிருந்து ஆள் ஓடி வந்தது. தித் பொலங்கா. கண்ணாடி விரியன் என்று நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் அதே பாம்பு. விஷவைத்தியரிடம் போவோம் என்று நின்ற மாமாவோடு வாதாடி, மச்சானை முச்சக்கர வண்டியில் ஏற்றி, மாத்தளை மாவட்டத்தின் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டு போனோம். எதுவென்று எழுதப் போவதில்லை.

வயதான மிஸ்ஸி ஒருவர் சுத்தமான கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் இரத்தம் எடுத்து மேசையில் வைத்தார். கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தார். "இருபது நிமிஷத்துக்கு ஒருத்தரும் தொடக்கூடாது சேர்" என்று சிங்களத்தில் சொன்னார். நேரம் வந்ததும் சாய்த்துப் பார்த்தார். தண்ணீராக ஓடியது. விரியனின் விஷம் இரத்தத்தை உறையவிடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அது கண்ணெதிரே ஓடியபோது என் முழங்கால் நடுங்கியது.

நம் நாட்டில் பாவிக்கும் எதிர்விஷ மருந்து இந்தியாவிலிருந்து வருவது. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது. பலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் போட்டால் கடுமையான ஒவ்வாமை குறையும் என்று நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் செய்த ஆய்வு ஒன்று 2011இலேயே வெளிவந்திருக்கிறது. இதெல்லாம் நான் பின்னால் தேடி வாசித்தவை. அன்று மிஸ்ஸி அதைத்தான் நினைவூட்டினார். மாற்றலாகிப் புதிதாக வந்திருந்த டொக்டர் கையை அசைத்து மறுத்துவிட்டார்.

மருந்து ஏறிப் பத்து நிமிஷமும் இருக்காது. மச்சானின் உடம்பெல்லாம் தடித்தது, உதடு வீங்கியது, மூச்சு விசிலடித்தது. பிரஷர் இறங்குகிறது என்று இளைய மிஸ்ஸி கத்தினார். டொக்டர் அரிப்புக்குப் போடும் ஊசியைக் கேட்டார்; ஸ்டீரொய்ட் கேட்டார்; பிறகு ஒன்றும் கேட்காமல் நின்றார். வயதான மிஸ்ஸியின் கையில் அட்ரினலின் ஏற்றிய ஊசி. "சேர், அட்ரினலின் இருக்கு." பதிலில்லை. மறுபடியும் சொன்னார். வாசலில் நின்ற அட்டெண்டன் தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாம் முறை மிஸ்ஸி குரலை மாற்றினார்: "சேர் கேட்ட அட்ரினலின் இதோ. தொடையில போடத்தானே சொன்னீங்க?"

அவர் கேட்கவேயில்லை. ஆனாலும் தலையை ஆட்டினார். ஊசி போட்டாயிற்று. அல்லாஹ்வின் கிருபை, மச்சானின் மூச்சு திரும்பியது.

மஃரிபுக்குப் பிறகு தண்ணீர்க் குழாயடியில் மிஸ்ஸி அழுதுகொண்டிருந்தார். துக்கமல்ல, ஆத்திரம். "இது முதல் தடவை இல்ல சேர். நாளைக்கும் இவரோடதான் எனக்கு வேலை. நீங்க படிச்சவர், ஒரு கடிதம் எழுதுங்க. நாங்க எழுதினா எங்களைத்தான் மாத்துவாங்க."

இங்கிலாந்தில் 2005இல் நடந்த ஒன்றைப் பிற்காலத்தில் வாசித்தேன். மார்ட்டின் புரோமிலி என்ற விமானியின் மனைவிக்குச் சிறிய சத்திரசிகிச்சை. மயக்க மருந்து கொடுத்தபின் மூச்சு வழி அடைபட்டுவிட்டது. தொண்டையில் துளையிடும் கருவிகளைத் தாதி ஒருவர் கொண்டுவந்து வைத்துச் சொல்லியும் இருக்கிறார். வைத்தியர்கள் குழாயை வாய் வழியாகச் செலுத்துவதிலேயே நின்றார்கள். 13 நாட்களில் அந்தப் பெண் இறந்துபோனாள். அவர்கள் அனுபவசாலிகள். எங்கள் டொக்டரை அவர்களோடு வைத்துப் பேச முடியாது. ஆனால் கையில் பொருளோடு நின்ற அந்தத் தாதியை எனக்குத் தெரியும்.

கடிதம் எழுதினேன், இரண்டு பக்கம். தபாலில் சேர்க்கவில்லை. அவரை வீட்டுக்கா அனுப்பப் போகிறார்கள்? எங்களைப் போல் இன்னொரு கிராமத்துக்குத்தான் அனுப்புவார்கள். வேறு இடத்தில் சரிவராத ஆசிரியர் ஒருவரை எங்கள் பாடசாலைக்கும் அப்படித்தான் அனுப்பினார்கள். அவருடைய வகுப்புப் பிள்ளைகளை நாங்கள் பின்னேரங்களில் வைத்துப் படிப்பித்து ஒப்பேற்றினோம். வலயக் கல்விக் காரியாலயத்துக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அந்த மனிதர் எங்கே போயிருப்பார் என்பது எங்களுக்குத் தெரியும்.

இது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். மற்றதையும் சொல்லிவிடுகிறேன். தங்கச்சி அப்போது ஐந்து மாதம். கிளினிக்குக்கு அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போய் வந்துகொண்டிருந்தாள்.

மச்சானுக்கு நடந்தது எதுவும் நினைவில்லை. சூடடித்து முடிந்ததும் புது அரிசியில் அரை மூட்டை கட்டி, உயிரைக் காப்பாற்றிய டொக்டருக்கென்று கொண்டு போனார். நானும் கூடப் போனேன். டொக்டர் வெட்கத்தோடு வாங்கிக்கொண்டார். வயதான மிஸ்ஸி மருந்துத் தட்டோடு எங்களைக் கடந்து போனார். என்னைப் பார்த்தார், கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை.