பையன் வர எவ்வளவு நேரம் ஆகும்?

"சார், பையன் நியூயார்க்ல இருக்கான். வரச் சொல்லட்டுமா?"

செப்சிஸ்ல அட்மிட் ஆன வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு அந்தம்மா கேட்டாங்க. "ரெண்டு நாள் பார்ப்போம்மா"ன்னேன்.

மறுநாள் ராத்திரி பிபி இறங்கி, வென்டிலேட்டர். அப்புறம்தான் "உடனே வரச் சொல்லுங்க"ன்னு சொன்னேன்.

நியூயார்க்-சென்னை சுமார் 13,500 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம்னா 15 மணி நேரம். கணக்குக்கு அவ்வளவுதான். ஆனா நேரடி விமானம் இல்ல. துபாய்லயோ தோஹாவுலயோ மாறணும், 20 மணி நேரம் தாண்டிடும். முதல்ல டிக்கெட் கிடைக்கணும். இமிக்ரேஷன் வரிசை. சென்னையில இருந்து எங்க ஊருக்கு கார்ல ஆறு மணி நேரம்.

அவர் வந்தப்போ, அப்பா இறந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "அப்பா கடைசியா எப்போ சார் பேசினார்?"

அட்மிட் ஆன அன்னிக்கு நல்லாத்தான் பேசிட்டிருந்தார். ஒரு வீடியோ கால் போடச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோணல.

இப்போ சீரியஸ் கேஸ்னா முதல் நாளே கேக்குறேன்: "வெளியூர்ல யார் இருக்காங்க? வர எவ்வளவு நேரம் ஆகும்? இப்பவே போன் போட்டுப் பேச வைங்க."

நல்லாயிட்டா, டிக்கெட் காசு போச்சேன்னு என்னைத் திட்டட்டும். பரவாயில்ல.