நாடுகாணியில் எம் இல்லத்தார் செய்த தேசத்தொண்டு

நீலகிரி என்றதும் அன்பர்களுக்கு உதகையும் குன்னூருமே நினைவுக்கு வரும். சென்னை மாகாண ஆட்சியாளர் கோடையைக் கழித்த நகரன்றோ உதகை! எம் ஊராகிய நாடுகாணியோ மாவட்டத்தின் மேற்கோரத்தில், நிலம்பூருக்கு இறங்கும் கணவாயின் தலைப்பில் உள்ளது. மேகம் விலகிய நாளில் கீழே மலையாள நாடு தெரியும், பெயர்க்காரணம் அதுவேயென்பர். ஈண்டு எழுதுவன யாவும் நாங்கள் சிறுவராயிருந்தபோது அத்தையார்பால் கேட்டறிந்தவை.

அவ்வூர்ச் சாலையோரத்தில் எம் பாட்டனார் பலசரக்குக் கடை வைத்திருந்தார். 1930-ஆம் ஆண்டில் இராஜாஜி உப்பெடுக்கத் திருச்சிராப்பள்ளியினின்று வேதாரணியத்திற்கு நடந்த செய்தி வந்தது முதல், மாலைதோறும் கடைத் திண்ணையில் சுதேசமித்திரனை உரக்க வாசிப்பதை அவர் நியமமாகக் கொண்டார். பத்திரிகை தபாலில் தாமதித்தே வரும். தோட்டத் தொழிலாளரும் வண்டிக்காரரும் கூடிக் கேட்பர். தமிழறியாதார்க்கு எவரேனும் மலையாளத்தில் எடுத்துரைப்பர். இதனால் அயலிலிருந்த ஒரு தோட்டத்தார் எம் கடையில் சரக்கு வாங்குவதை நிறுத்தினர். பாட்டனார் பொருட்படுத்தவில்லை, ஆயினும் அவ்வாண்டு முழுதும் வீட்டில் நெய்யே இல்லையென்று அத்தையார் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு.

நூற்கும் பணி பெண்டிருடையது. பருத்தி விளையாத மலையில் இராட்டை சுற்றும் தொல்லையைச் சமவெளியார் அறியார். பஞ்சு கோயமுத்தூரிலிருந்து வரவேண்டும். ஆனி ஆடி மழையில் பட்டைகள் ஈரமேறிக் கனத்துவிடும்; அடுப்பின்மேற் பரணில் உலர்த்தியே நூற்கவேண்டும். எம் வீட்டுக் கதரில் புகைநாற்றம் நீங்கியதேயில்லை.

1934 ஜனவரியில் காந்தியடிகள் ஹரிஜன நிதிக்காக மலையாள நாட்டிற் சுற்றுப்பயணம் செய்தார். வடகரையில் கௌமுதி என்னும் இளநங்கை தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்து, இனி நகை அணிவதில்லை யென்று உறுதிகூறிய செய்தி கணவாய்வழியே எம்மூரை எட்டிற்று. அம்மாத இறுதியில் அடிகள் குன்னூர் வந்து சில நாள் தங்கினார். பாட்டியார் கூடலூரும் நடுவட்டமும் உதகையும் கடந்து சென்று, தம் பொன்வளை இரண்டனுள் ஒன்றைக் கொடுத்து மீண்டார்.

மீண்டதும் அவர் கேட்ட கேள்விதான் வீட்டைக் கலக்கிற்று. எம் கொல்லைக் கிணற்றில் பணியரும் தோட்டத்து ஆதிதிராவிடரும் கயிறு தொடலாகாது. யாரேனும் இறைத்து ஊற்றும்வரை குடத்துடன் காத்து நிற்பர். “வளையைக் கொடுத்தாயிற்று, கிணற்றைக் கொடுக்கவில்லையே?” என்றார் பாட்டியார். சுயராஜ்யச் செய்தியை ஊரறிய வாசித்த பாட்டனார், “உறவு போகும், கடையும் போகும், பெண்ணுக்கு வரன் பார்க்க வேண்டாவா?” என்று தயங்கினார். எட்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லையாம். ஒன்பதாம் நாட் காலை பாட்டனாரே கிணற்றடிக்குச் சென்று, காத்துநின்ற பணியர்குலப் பெண்ணொருவரிடம் கயிற்றை நீட்டினார். அவர் வாங்க அஞ்சினார். பாட்டியார் அருகில் நின்று தாமும் ஒரு கை கொடுத்தபின்னரே வாளி இறங்கிற்று. பொதுக் கிணறுகளில் எவரையும் தடுக்கலாகாதென்று சென்னை மாகாணத்தில் சட்டம் பிறந்தது 1938-இல்தான்.

பாட்டனார் அஞ்சியது பொய்க்கவில்லை. உறவினர் இரு குடும்பத்தார் எம் வீட்டில் கைநனைப்பதை விட்டனர். அத்தையாருக்குப் பேசிவைத்த சம்பந்தம் முறிந்தது. அவர் கருத்தை அன்று எவரும் கேட்டாரில்லை. பெரியோர் செய்த தியாகத்திற்கு விலையில் ஒரு பங்கு அவரே கொடுத்தாரென்பது எம் எண்ணம். 1941-இல் பள்ளியாசிரியர் ஒருவரை நூல்மாலை மாற்றி மணந்தார். எஞ்சிய வளை அவருக்கே கிடைத்தது.

1947 ஆகஸ்டு 15-ஆம் நாள் கடைமுன் ஏற்றிய கொடி அத்தையார் நூற்ற நூலில் நெய்வித்தது. மழையில் அது கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. வந்தோர்க்கெல்லாம் அக்கிணற்று நீரிற் கரைத்த பானகம் வழங்கினர். விலகியிருந்த இரு குடும்பத்தாருள் ஒரு குடும்பத்தார் வந்து பருகினர்; மற்றவர் வரவில்லை.