யாரு வீட்டுப் புள்ள?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக் கல்யாண மண்டபங்களெல்லாம் முகாம்களாகிவிட்டன. ப்ளீச்சிங் பவுடர், ஊறிய துணி, சாம்பார் அண்டா, இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு வாடை. மணமக்கள் உட்காரும் மேடையில் அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பிள்ளைகள் சுருண்டு கிடந்தார்கள். அவர்களுடைய பெயர்களை நோட்டில் எழுதிய தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி.

ஒரு சிறுமியின் முகம் அப்படியே நிற்கிறது. எத்தனை முறை கழுவினாலும் அவள் காதிலிருந்து மணல் உதிரும். பெயர் கேட்டால் அம்மா பெயரைச் சொல்வாள். ஊர் கேட்டாலும் அம்மா பெயர்தான்.

வேன் வந்தது சாப்பாட்டு நேரத்தில். இரண்டு ஆண்கள், ஒரு பெண், கை நிறையப் பிஸ்கட், புதுக் கவுன். படிக்க வைக்கிறோம் என்றார்கள், எந்த ஊர் என்றால் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள், அதற்குள் தண்ணீர் லாரி வந்தது, கூட்டம் முண்டியது, திரும்பிப் பார்த்தால் சிறுமி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தபடி வாசல்வரை போய்விட்டாள். ஓர் ஆயா தட்டைப் போட்டுவிட்டு ஓடி வாசலை மறித்தாள். “யாரு வீட்டுப் புள்ளைய யாருடா கூட்டிட்டுப் போறது?” ஆட்கள் திரண்டார்கள். வேன் கிளம்பிவிட்டது.

ஆயா கேட்டதைத்தான் சட்டமும் கேட்டது. அன்று இருந்தது 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளில் இயற்கைச் சீற்றத்துக்கு ஆளானவர்களையும் அது சேர்த்திருந்தது. அவர்களை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்யக் குழந்தைகள் நலக் குழு. தமிழக அரசு சுனாமிப் பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதற்குத் தடை போட்டது. நாகை, கடலூர், கன்னியாகுமரியில் இல்லங்கள் திறந்தது. தாய் தகப்பன் இருவரையும் பறிகொடுத்தவர்கள் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பு நிதி போட்டது. நாகையின் அன்னை சத்யா இல்லத்துப் பிள்ளைகள் ஆட்சியர் ராதாகிருஷ்ணனை அப்பா என்று அழைத்தது ஊரறிந்த சேதி.

காரைக்காலிலிருந்து சிறுமியின் சித்தி வந்தாள். ரேஷன் கார்டு கடலோடு போயிருந்தது. தெருக்காரர்களை விசாரித்து, எழுதி, கையெழுத்தாகி ஒப்படைக்க நாட்கள் ஆயின. “எங்கக்கா மவள எங்கிட்டக் குடுக்க ஒனக்கு எதுக்கு பேப்பரு?” என்று என் தோளைப் பிடித்து உலுக்கி அழுதாள். அந்தத் தாமதம் கொடுமைதான். அது வேண்டும் என்று இன்றும் சொல்வேன்.

சின்னப் பிள்ளைகளை ஊரே கண்ணில் வைத்துக் காத்தது. பதினாறு, பதினேழு வயதுகளை யாரும் பார்க்கவில்லை. தகிக்கும் தார் ஷீட் கொட்டகைகளில் அவசரக் கல்யாணங்கள் நடந்தன. அக்காள் போன வீட்டில் தங்கையையே அத்தானுக்குக் கட்டி வைத்தார்கள். பிறகு மில் ஏஜென்ட் வந்தார். மூன்று வருஷ வேலை, கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம். சுமங்கலித் திட்டம் என்று அதற்கு மங்கலமாக ஒரு பெயர்.

வாசலை மறித்த அதே ஆயா தன் பதினாறு வயதுப் பேத்தியை அந்த ஏஜென்டுடன் பஸ் ஏற்றினாள். கருவாட்டுப் பொட்டலம், ஒரு சீப்பு, முன்பணத்தில் வாங்கிய செருப்பு. ஆயாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. படகும் வலையும் மகனும் போன வீடு அது.

வருஷக் கணக்கு முடியுமுன்பே பஞ்சு இருமலோடு பேத்தி திரும்பினாள். மொத்தப் பணம் என்று எதுவும் கைக்கு வரவில்லை.

2013-இல் தண்டனைச் சட்டத்தின் 370-ஆம் பிரிவைத் திருத்தி, சுரண்டுவதற்காக ஏமாற்றி ஆள் சேர்ப்பதும் ஆள்கடத்தல்தான், பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது என்று எழுதினார்கள். படித்தபோது அந்தச் செருப்புதான் கண்ணில் வந்தது. 2015-இன் புதிய இளைஞர் நீதிச் சட்டம், பதினெட்டு முடிந்து இல்லத்தை விட்டுப் போகிறவர்களுக்குப் பண உதவி தரலாம் என்கிறது. தரலாம் போதாது, தர வேண்டும். ஆள்கடத்தலுக்கென்றே தனியாக வந்த மசோதா 2018-இல் மக்களவையைத் தாண்டியது. மாநிலங்களவையில் நிறைவேறாமலே 2019-இல் காலாவதியானது.

பேத்திக்கு இப்போது வளர்ந்த மகள் இருக்கிறாள். சென்னையில் வேலை, தங்க இடமும் உண்டு என்று அண்மையில் ஒருவர் வந்தாராம். பேத்தி அவர் பெயர், ஊர், கம்பெனி விலாசம் எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு, அவர் எதிரிலேயே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டிருக்கிறாள். அவர் டீகூடக் குடிக்காமல் போய்விட்டாராம்.