ரெண்டு குப்பைத்தொட்டியும் ஒரு கடன் நோட்டும்

பி.காம். படிக்கிறவனுக்கு எதற்கு உபுண்டு என்று கேட்காதீர்கள். என்னுடையது பழைய லேப்டாப். விண்டோஸ் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதனால் பக்கத்திலேயே உபுண்டுவையும் ஏற்றி வைத்திருந்தேன். எக்செல், டேலி எல்லாம் விண்டோஸில், மற்றதெல்லாம் உபுண்டுவில். இரண்டுக்கும் பொதுவாக ஒரு டி டிரைவ். இங்கே சேமித்தால் அங்கே தெரியும். ரொம்ப சௌகரியம். அந்தச் சௌகரியம்தான் காலை வாரிவிட்டது.

அப்பாவுக்கு மளிகைக்கடை. கடனுக்கு வாங்கிப்போகிறவர்கள் கணக்கை ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பார். நான் காமர்ஸ் படிக்கிற திமிரில், "எல்லாத்தையும் எக்செல்ல போட்டுடலாம்ப்பா" என்று ஆரம்பித்தேன். பகலில் அப்பா துண்டுச்சீட்டில் குறித்து வைப்பார். இரவு நான் ஏற்றுவேன், சீட்டு குப்பைக்குப் போய்விடும். மாதத்துக்கு ஒரு ஃபைல் என்று 14 மாதம் ஓடியது. நோட்டு பரணுக்குப் போய்விட்டது.

ஒரு நாள் உபுண்டுவில் உட்கார்ந்து டி டிரைவைச் சுத்தம் செய்தேன். வேண்டாததையெல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து டெலீட் கொடுத்தபோது 'கடை' என்கிற ஃபோல்டரும் கூடவே போனதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் விண்டோஸில் பார்த்தால் டி டிரைவில் '.டிராஷ்-1000' என்று ஒரு புது ஃபோல்டர். ஏதோ வைரஸ் என்று நினைத்து ஷிஃப்ட்-டெலீட் அடித்தேன். அப்புறம் நிம்மதியாக ஒரு படத்தை அதே டிரைவில் இறக்கினேன். இரவு அப்பா சீட்டோடு வந்தபோதுதான் 'கடை'யைக் காணவில்லை. ரீசைக்கிள் பின்னில் ஒன்றுமே இல்லை!

பிறகுதான் விஷயம் புரிந்தது. இரண்டு சிஸ்டத்துக்கும் தனித்தனி குப்பைத்தொட்டி. ஒன்றில் போட்டது மற்றதில் தெரியாது. உபுண்டுவில் ஃபைல் மேனேஜர் வழியாக டி டிரைவில் அழித்தால், அந்த ஃபைல் அதே டிரைவில் உள்ள அந்த '.டிராஷ்-1000' ஃபோல்டருக்குள் போய் உட்காரும். 1000 என்பது உபுண்டுவின் முதல் பயனருக்குரிய எண். எந்த ஃபைல் எங்கே இருந்தது, எப்போது அழிக்கப்பட்டது என்ற குறிப்புகூட, வவுச்சர் மாதிரி, உள்ளேயே இருக்கும். பெயருக்கு முன்னால் புள்ளி இருப்பதால் லினக்ஸ் அதை மறைக்கும். விண்டோஸுக்குப் புள்ளி ஒரு பொருட்டே இல்லை, அப்படியே காட்டும். ஆக, நான் வைரஸ் என்று நினைத்துக் கொன்றது அப்பாவின் கணக்கை!

பதறிப்போய் மீட்பு சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கப் போனேன், அதுவும் டி டிரைவிலேயே. நல்லவேளையாக நண்பனுக்கு போன் செய்தேன். "டேய், முதல்ல எல்லாத்தையும் நிறுத்து. அந்த டிரைவ்ல ஒரு எழுத்துகூட எழுதாதே" என்றான்.

ஏன் என்றால், என்.டி.எஃப்.எஸ். டிரைவில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பதிவு இருக்கும். லெட்ஜரின் பொருளடக்கம் மாதிரி. டெலீட் என்றால் அந்தப் பதிவில் 'இது காலி' என்று ஒரு குறி மட்டும்தான் விழும். பக்கத்தைக் கிழிப்பதில்லை. ஆனால் காலி என்று சொன்னபிறகு அந்தப் பக்கத்தில் வேறு யார் வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா?

நண்பன் சொன்னபடி உபுண்டுவுக்குப் போய், டி டிரைவைத் தொடாமல், டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை நிறுவினேன். அது உபுண்டுவின் சொந்த இடத்தில் போய் உட்காரும், டி-க்கு ஆபத்தில்லை. அதில் 'அட்வான்ஸ்டு', பிறகு 'அன்டெலீட்' என்று போனால் அழிந்த ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. மீட்டதை பென் டிரைவில் சேமித்தேன். மீட்டதை அதே டிரைவில் வைத்தால் மீதியும் போய்விடும். என்னுடையது பழைய ஹார்ட் டிஸ்க் என்பதால் தப்பித்தேன். எஸ்.எஸ்.டி.யாக இருந்தால், டிரிம் என்ற வசதி காலியான இடத்தைத் துடைத்துவிட வாய்ப்பு அதிகம்.

14-ல் 11 ஃபைல் முழுசாகக் கிடைத்தது. 3 திறக்கவே இல்லை. அந்த இடத்தில் படம் உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று கடைசி மாதக் கணக்கு.

அப்பா திட்டவில்லை. அடுத்த ஒரு வாரம், கடைக்கு வந்தவர்களிடம், "உங்க பாக்கி எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரரே கணக்கைக் கேட்பது எவ்வளவு கூச்சம் என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார், யாரிடமும் திருப்பிக் கேட்கவில்லை.

தப்பான என்ட்ரியை அழிக்காதே, திருத்த என்ட்ரி போடு என்று முதல் வருடமே படித்தவன் நான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன்!

இப்போது சனிக்கிழமைதோறும் பென் டிரைவில் ஒரு காப்பி எடுக்கிறேன். எங்கே அழித்தேனோ அந்த சிஸ்டத்தின் குப்பையிலேயே போய்த் தேடுகிறேன். கல்லா மேசையில் ஒரு புது நீள நோட்டு இருக்கிறது. "நீ அதுல எழுது, நான் இதுல எழுதறேன்" என்று சொல்லிவிட்டார் அப்பா.