நூலகம் மாறினால் நிரல் என்ன செய்யும்?

“பகிர்வு நூலகத்தை ஏற்றுவதில் வழு, கோப்பைத் திறக்க முடியவில்லை, அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை.” லினக்ஸ் இயங்குதளத்தைச் சில காலமேனும் பயன்படுத்தியவர்கள், பெரியதொரு மேம்படுத்தலுக்கு மறுநாள் இந்த வாசகத்தை ஆங்கிலத்தில் ஒருமுறையாவது கண்டிருப்பார்கள். நேற்றுவரை ஒழுங்காக இயங்கிய நிரல் இன்று எழும்ப மறுக்கும். அந்த நிரலில் ஓர் எழுத்தும் மாறியிராது. வைரசும் இல்லை, வன்தட்டும் பழுதில்லை. பெரும்பாலானோர் உடனே மேம்படுத்தலைத்தான் திட்டுவார்கள். அந்தத் திட்டு எவ்வளவு தூரம் நியாயமானது என்பதைச் சற்று ஆராய்ந்து பார்க்கலாம்.

‘லைப்ரரி’ என்பதை நாம் நூலகம் என்று மொழிபெயர்த்துவிட்டோம். ஆனால் இந்த நூலகத்தில் வாசிப்பதற்கு எதுவுமில்லை. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையங்களில் கிடாரம், கதிரை, தறப்பாள் முதலியவற்றைப் பொதுவாக வாங்கி வைத்திருப்பார்களே, அதுதான் இதற்குக் கிட்டிய உவமை. கலியாண வீடோ செத்த வீடோ, வீட்டுக்கொரு கிடாரம் தேவையில்லை; போய் எடுத்துவந்தால் போதும். கணினியிலும் அப்படியே. எழுத்தைத் திரையில் வரைதல், படத்தை விரித்தல், தகவலை மறையாக்கம் செய்தல் போன்ற பொதுவான வேலைகளை ஒவ்வொரு நிரலும் தன்னுள்ளே சுமந்து திரிவதில்லை. அவற்றைச் செய்யும் கோப்புகள் பொதுவானதோர் இடத்தில் இருக்கும். நிரல் தொடங்கும் வேளையில் ‘ஏற்றி’ எனப்படும் சிறு நிரல் அவற்றைத் தேடிப்பிடித்து இணைத்துவிடும். சன் நிறுவனம் 1988 இல் வெளியிட்ட சன்ஓஎஸ் 4.0 இலேயே இம்முறை இருந்தது. வட்டில் இடமும் மிச்சம், நினைவகமும் மிச்சம்.

இத்தகைய நூலகம் ஒவ்வொன்றின் பெயரோடும் ஓர் இலக்கம் ஒட்டியிருக்கும். பார்ப்பதற்குச் சாதாரண இலக்கம். உண்மையில் அது ஒரு வாக்குறுதி. இந்த இலக்கம் மாறாதிருக்கும்வரை, பழைய நிரல்கள் பழைய விதமாகவே வந்து கேட்கலாம், பழைய விதமாகவே பதில் கிடைக்கும் என்பது அதன் பொருள். பதில் சொல்லும் முறை மாறுமானால் இலக்கத்தை உயர்த்தியாக வேண்டும். நிரலைத் தொகுக்கும்போதே அப்பெயரும் இலக்கமும் அதனுள் பதிந்துவிடுகின்றன. 4 என்று பதிந்த நிரல் 5 ஐக் கண்டால் திரும்பியும் பாராது. இரண்டு இலக்கங்களையும் அருகருகே வைத்திருப்பதில் தடையேதும் இல்லை. லினக்சின் அடிப்படையான சி நூலகம் 5 இலிருந்து 6 இற்கு மாறியபோது, 1998 ஜூலையில் வெளிவந்த டெபியன் 2.0 பழையதையும் ஒரு மூலையில் வைத்திருந்தது. பழைய நிரல்களும் அதனால் பிழைத்துக்கொண்டன. ஆனால் பழையதைக் காலமெல்லாம் வைத்திருக்க முடியாது. அதைப் பராமரிப்பதற்கும் ஓர் ஆள் வேண்டும்.

இவ்விடயத்தில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. 1990களின் நடுப்பகுதி தொடக்கம் ஏறத்தாழ 2008 வரை நான் எழுதியவை எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. அதுவும் பத்திரிகை அலுவலகம் தன் வசதிக்கேற்ப அங்குமிங்கும் மாற்றிக்கொண்ட பாமினி. இணையத்திற் கிடைக்கும் மாற்றிகளில் இட்டால் பெரும்பகுதி சரியாகவே யூனிகோடாகும். கிரந்த எழுத்துகளும் சில ஊகார எழுத்துகளும் மட்டும் தடம்புரளும். அலுவலகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் இருந்த இளைஞர் ஒருவர் 2009 இல் இதற்கென்றே ஒரு மாற்றியை எழுதித் தந்தார். ‘கியூட்’ என்னும் நூலகத்தின் 4 ஆம் பதிப்பை நம்பி எழுதப்பட்ட நிரல் அது. பின்னர் அவர் புலம்பெயர்ந்துவிட்டார். எனக்குக் கிடைத்தது இயங்கு கோப்பு மட்டுமே, மூலநிரல் அன்று. மாற்றப்படாமல் எஞ்சியிருந்த கட்டுரைகள் ஏறத்தாழ 600. அவற்றுட் சில, தணிக்கை அமுலில் இருந்த காலத்தில் எழுதி அச்சேறாமற் போனவை. அவற்றுக்கு வேறு பிரதி எங்கும் இல்லை.

2023 இல் எனது இயங்குதளத்துக்கான பராமரிப்புக் காலம் முடிவடைந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியை இணையத்தில் இணைத்து வைத்திருப்பது, மற்றவர்கள் நம்பித் தந்த தகவல்களைக் கையில் வைத்திருப்பவனுக்கு அழகல்ல. மேம்படுத்தினேன். மறுநாள் மாற்றி திறக்கவில்லை.

நடந்தது இதுதான். கியூட் 4 வெளிவந்தது 2005 இல். 5 ஆம் பதிப்பு 2012 டிசம்பரில் வந்தது. 4 இற்கான பராமரிப்பை அதன் ஆக்கியோர் 2015 இல் நிறுத்திக்கொண்டார்கள். கேட்பாரற்ற நூலகத்தை லினக்ஸ் வழங்கல்களும் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. பொதி முகாமையாளர் எதையும் கண்மூடித்தனமாக அகற்றுவதில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். எந்தப் பொதி எந்த நூலகத்தை நம்பியிருக்கிறது என்பதற்கு அதனிடம் ஓர் இடாப்பு உண்டு. அதைப் புரட்டிப் பார்த்து, யாருக்கும் தேவையில்லை என்று கண்டதையே அது அகற்றும். என்னுடைய மாற்றியோ பொதியாக நிறுவப்பட்டதன்று. பென்டிரைவில் வந்து ஓர் அடைவுக்குள் குடியேறியது. வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாதவர் வாக்களிப்பு நிலையத்துக்குப் போனால் என்ன நேருமோ, அதுவே அதற்கும் நேர்ந்தது.

இவ்வாறான வேளைகளில் இணையத்தில் தாராளமாக வழங்கப்படும் ஓர் ஆலோசனை, புதிய நூலகத்துக்குப் பழைய பெயரில் ஒரு குறியீட்டு இணைப்பை உருவாக்கிவிடு என்பது. இதற்கு எங்கள் தொழிலில் வேறொரு பெயர் இருக்கிறது: ஆள்மாறாட்டம். 2022 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 22.04, ஓப்பன்எஸ்எஸ்எல் 3 ஐ மட்டுமே கொண்டிருந்தது. அதற்கு 1.1 என்று பெயர் சூட்டி ஏற்றியை ஏய்க்க முயன்றவர்கள் ஏராளம். ஏற்றி ஏமாறவில்லை. பெயர் மட்டுமன்றி, உள்ளேயிருக்கும் செயற்கூறுகளிலும் பதிப்பின் முத்திரை குத்தப்பட்டிருப்பதால் வாசலிலேயே மறித்துவிட்டது. படங்களைக் கையாளும் ஜேபெக் நூலகமும், தன்னிடம் வருபவர் எந்தப் பதிப்புக்கெனத் தொகுக்கப்பட்டவர் என்று விசாரிக்கும். பொருந்தாவிட்டால், “நூலகம் 80, அழைப்பவர் எதிர்பார்ப்பது 62” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். (வேடிக்கை என்னவென்றால், ஜேபெக்டர்போ என்னும் ஒரே நூலகத்தை டெபியன் 62 என்ற இலக்கத்திலும் உபுண்டு 8 என்ற இலக்கத்திலும் தொகுக்கின்றன. ஒன்றன் பொதியை மற்றதில் நிறுவுபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.) முத்திரையும் விசாரணையும் இல்லாத நூலகங்களே உண்மையில் ஆபத்தானவை. அங்கே ஆள்மாறாட்டம் பலித்துவிடும், நிரல் ஓடும், பிழையான விடையை எழுதிவைக்கும். அப்படிப்பட்ட மாற்றியிலிருந்து அச்சேறாத கட்டுரையொன்று எந்தக் கோலத்தில் வெளிவரும் என்பதை நினைக்கவே விருப்பமில்லை.

இலக்கம் மாறாமல் நடத்தை மாறிய கதையும் உண்டு. 2010 இல் பெடோரா 14 ஐ நிறுவியவர்கள் பலருக்கு, பிளாஷ் காணொளிகளில் ஒலி கரகரத்தது. நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தரவைப் படியெடுக்கும் செயற்கூறை, சி நூலகத்தார் வேகத்துக்காகத் திருத்தியிருந்தார்கள். இரண்டு இடங்களும் ஒன்றன்மீது ஒன்று விழக்கூடாது என்பது அதன் பழைய விதி. பிளாஷ் அவ்விதியை மீறிக்கொண்டிருந்தது; அதுவரை அதிர்ஷ்டத்தால் தப்பியும் வந்தது. சட்டப்படி பார்த்தால் குற்றம் பிளாஷ் மீதுதான். ஆனால் லினஸ் டோர்வால்ட்ஸ் பயனரின் பக்கம் நின்று வாதாடினார்; நேற்று வேலைசெய்தது இன்று வேலைசெய்யவில்லை என்றால், விதியைக் காட்டுவது பயனருக்குப் பதிலாகாது என்பது அவர் கட்சி. நானும் அக்கட்சியே. ஈற்றில் 2011 இல் வந்த 2.14 ஆம் பதிப்பில், புதிய நடத்தைக்குப் புதிய முத்திரை குத்தி, பழைய நிரல்களுக்குப் பழைய நடத்தையையே தொடர்ந்து வழங்கினார்கள்.

அப்படியானால் ஒவ்வொரு நிரலும் தன் நூலகங்களைத் தானே கட்டிச் சுமந்து வந்தாலென்ன என்று கேட்கலாம். பிளாட்பக், ஸ்நாப் போன்றவை ஏறத்தாழ அதைத்தான் செய்கின்றன, வசதிதான். எனினும் 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை ஓப்பன்எஸ்எஸ்எல்லில் வெளிப்பட்டபோது, பகிர்வு நூலகத்தைப் பயன்படுத்திய கணினிகளில் ஒரேயொரு பொதியை மாற்றி, ஓடிக்கொண்டிருந்த சேவைகளை மீளத் தொடக்கியதும் அத்தனை நிரல்களும் அடைபட்டன. மீளத் தொடக்காவிட்டால், அழிக்கப்பட்ட பழைய கோப்பையே அவை நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருந்திருக்கும். தனித்தனியே சுமந்தவர்கள் தனித்தனியே தேடவேண்டியிருந்தது. பொதுக் கிடாரத்தில் ஓட்டை என்றால் ஒரு பித்தளைக்காரர் போதும்.

எனது மாற்றிக்கு வருவோம். தங்கையின் மகன் ஒரு மாலைப்பொழுதில் மெய்நிகர் கணினி ஒன்றை அமைத்து, அதற்குள் பழைய இயங்குதளத்தைக் கியூட் 4 உடன் நிறுவித் தந்தான். “மாமா, இதை நெற்றோடை மட்டும் இணைச்சுப்போடாதேங்கோ” என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. நிரல் மறுபேச்சின்றி எழும்பியது. மூன்று வார இறுதிகளில் 600 கட்டுரைகளும் யூனிகோடாகிவிட்டன. தணிக்கைக் காலத்தவையே முதலில்.

ஆயினும் அந்த மெய்நிகர் கணினியை இயக்கும் மென்பொருளுக்கும் நூலகங்கள் உண்டு, இலக்கங்களும் உண்டு. ஆகவே, அலுவலகப் பாமினியின் எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்பதை மாற்றியின் உள்ளீட்டையும் வெளியீட்டையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணையாக எழுதிவருகிறேன். அது வெறும் எழுத்துக் கோப்பு. எந்த நூலகத்தையும் கேட்காது. மாற்றியும் தவறவிட்ட இரண்டு குறிகளுக்கு மட்டும் இன்னும் விடை இல்லை. அக்காலத்தில் அலுவலகத்தில் ஒப்புநோக்குநராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன்.